சோத்து மரம்

என் பேரில் நின்ற கடன் நாலு லட்சத்துப் பதினேழாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். அறுநூற்று நாற்பது பைன் நாற்று, அத்தனைக்கும் பிசின் பிடிக்கிற கோப்பை, கீறுகிற உளி இரண்டு, இதற்கெல்லாம் ஒன்பது வருஷத்து வட்டி. கூம்புப்பாறையில் என்னைப் போல நூற்றுப் பன்னிரண்டு குடும்பம். ஆளுக்கு ஐயாயிரம், பத்தாயிரம் முன்னே பின்னே இருக்கும். எல்லாருமே குடியிருக்கிற வீட்டடியை ஈடு வைத்துத்தான் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம். பாதிப் பேர் கைநாட்டு. நான் அப்போதுதான் முதியோர் பள்ளியில் பேர் எழுதப் பழகியிருந்தேன். கோணல் மாணலாக எழுதினேன்.

அந்தப் பத்திரத்தில் உயிர் இருந்த வரி ஒன்றுதான். பிசின் வராமல் போய், குறை நாற்றில் என்று ஆனால் கடன் தள்ளுபடி. குறை வேலையில் என்று ஆனால் கடன் நம் தலையில், வீட்டடி நாற்றுக் கொடுத்த கம்பெனிக்கு.

மரம் என்னவோ வளர்ந்தது. அப்படி ஒரு வளர்த்தியை நான் பார்த்ததில்லை. பழைய பைன் இருபது வருஷத்தில் எட்டுகிற உயரத்தை இது எட்டு வருஷத்தில் எட்டியது. ஆனால் தோலைச் சீவி, கீறி, தகரத்தைச் செருகி, கோப்பையைக் கட்டிவிட்டு வந்தால், பத்து நாள் கழித்தும் கோப்பையின் அடி தெரிந்தது. மரத்துக்கு வருஷம் நாலு கிலோ என்று சொல்லிக் கொடுத்த நாற்று. எனக்கு முக்கால் கிலோ தேறவில்லை. என் கூட்டாளி லூர்து தோப்பில் அதுவும் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. அந்தத் தோப்புக்குள் போனால் தூக்கம் வந்தது.

சோம்பேறித் தூக்கம் இல்லை. காலையில் ஐம்பது மரம் கீறிவிட்டு, வெற்றிலை போடலாம் என்று உட்கார்ந்தால், கண் தானாக மூடிக்கொள்ளும். எழுந்தால் வெயில் இடம் மாறியிருக்கும். முதலில் எனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் மொத்தப் பேரும் தூங்குகிறார்கள். கம்பெனி எங்கள் மணிக்கட்டில் ஒரு பச்சை வளையம் மாட்டியிருந்தது. எந்த மரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறோம், கை எத்தனை தடவை கீறியது என்று எண்ணுவதற்கு. அது கீறலோடு சேர்த்து, கை சும்மா கிடந்ததையும் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது.

மேனேஜர் கிருபாகரன் ஒரு நாள் எடைக் கொட்டகையில் எல்லாரையும் நிறுத்தி வாசித்தார்.

“சன்னாசி. மார்ச் மாசம் அசைவில்லாத நிமிஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. அதாவது முப்பத்திரண்டு மணி நேரம் தூங்கியிருக்கீங்க. மரம் என்னத்தக் குடுக்கும்?”

“கீறவேண்டியதக் கீறிட்டுத்தான் சார் உக்காருறோம். நாங்க முழிச்சிருந்தா மட்டும் மரம் வெக்கப்பட்டுக் குடுக்குமா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“இருபதாம் தேதி விசாரணை. ஆராய்ச்சி நிலையத்துல இருந்து ஒரு டாக்டர் வர்றாங்க. குறை நாத்துலயா வேலையிலயான்னு அவங்க சொல்லட்டும். ஆனா இந்தத் தாள நானும் அவங்க முன்னால வெப்பேன். அவ்வளவுதான்.”

சிரிப்பு நின்றது. இந்தத் தாள் ஒன்று போதும், வீட்டடி போவதற்கு.

டாக்டர் பெனிட்டா பதினாலாம் தேதியே வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும். காலில் கனத்த பூட்ஸ், கழுத்தில் பூதக்கண்ணாடி, முதுகில் ஒரு பெட்டி. தோப்பைக் காட்ட என்னை அனுப்பினார்கள். முழுக் காலையும் நடந்தோம். மரத்தைத் தட்டினார், முகர்ந்தார், ஊசியிலையைக் கிள்ளிக் குப்பியில் போட்டார். பத்து மரத்துக்கு ஒரு தரம் என் கீறலைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

“கீறல் அருமையா இருக்குண்ணே. ஆழம் ஒரே அளவு. உங்க கையில குறை இல்ல.”

“அதை எழுதிக் குடுங்க டாக்டரம்மா, கும்பிட்டு வாங்கிக்கிறேன்.”

“எழுதலாம். ஆனா மரத்துலயும் குறை இல்லன்னு மெஷின் சொல்லுதே. அதுதான் புரியல.”

எனக்கு மெஷின் விஷயம் கேட்க ஆசை. வருஷக்கணக்காக அந்த வார்த்தையைச் சொல்கிறார்கள், ஒருத்தரும் விளக்கியதில்லை.

“முன்னெல்லாம் ஒரு பைன் நல்லா பிசின் குடுக்குமான்னு தெரிய, நட்டு, வளத்து, கீறிப் பாக்கணும். இருபது வருஷம். இப்ப முளைச்ச நாத்துல ஒரு ஊசியிலை போதும். அதுக்குள்ள இருக்கிற எழுத்த மெஷின் படிச்சிரும்.”

“மரத்துக்குள்ள எழுத்தா?”

“எழுத்து மாதிரிதான். உங்களுக்குள்ள, எனக்குள்ள எல்லாம் இருக்கு. அம்மா அப்பாகிட்ட இருந்து வர்றது.”

“சரி, படிச்சிருச்சு. இது பிசின் எழுத்து, இது முடிச்சு விழுற எழுத்துன்னு அதுக்கு யார் சொல்லிக் குடுத்தா?”

அவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். “நல்ல கேள்வி. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க.”

“நாங்களா?”

“இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி மேக்காட்டுப் பழைய பைன்ல கூலிக்குக் கீறுனீங்கல்ல? அப்ப மரம் மரமா எடை போட்டு வெச்ச கணக்கு இருக்கு. அதுல எல்லாத்துக்கும் மேல வந்த முப்பத்தொரு மரத்தத் தாயா எடுத்தாங்க. இந்தத் தாய்ங்ககிட்ட மத்த மரத்துல இல்லாத எழுத்து எது இருக்கோ அதையே தேடுன்னு மெஷினுக்குச் சொன்னாங்க. அப்புறம் கண்ணாடிக் கூண்டுல வெளிச்சத்த ஏத்தி இறக்கி, மரத்த ஏமாத்தி, மூணு வருஷத்துல பூக்க வெச்சு, ஒட்டுச் சேத்து, நாலு தலைமுறை. அதுதான் உங்க தோப்பு. அந்த எழுத்து இதுல அப்படியே இருக்கு. பிசின் மட்டும் இல்ல.”

பேசிக்கொண்டே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். தேதி எழுதினார். அதோடு சரி. தலை மரத்தில் சாய்ந்தது, பேனா மடியில் விழுந்தது. ஒரு படித்த பெண் வாயைத் திறந்து தூங்குகிறதைப் பார்த்துக்கொண்டிருப்பது மரியாதை இல்லை என்று நான் நாலு மரம் தள்ளிப் போய்க் கீறிக்கொண்டிருந்தேன்.

எழுந்ததும் கடிகாரத்தைப் பார்த்து முகம் சிவந்துவிட்டது. “எவ்வளவு நேரம்ணே?”

“அம்பது நிமிஷம். உங்க கையில வளையம் இல்ல. மேனேஜர்கிட்ட நானும் சொல்லமாட்டேன்.”

அவர் எழுந்து போகவில்லை. உட்கார்ந்த இடத்தையே சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார். அன்றைக்கு அவர் முகத்தில் வந்த ஆசையைப் பார்த்தால், புதுசாகப் பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி இருந்தது.

“எறும்பே இல்ல, பாத்தீங்களா? ஊசியிலை குத்தல, மெத்தை மாதிரி படுத்துக் கிடக்கு. கீழ்க்கிளை மேற்கால தாழ்ந்து வெயில மறைக்குது. வேர் மேல கிளம்பல, தரை மட்டமா இருக்கு. மேலருந்து ஒரு சொட்டுப் பிசின் விழல. வாசமும் கொஞ்சம் வேற. இதெல்லாம் தானா ஒண்ணுகூடாதுண்ணே. நாலு தலைமுறையா யாரோ தேடித் தேடிப் பொறுக்குன மாதிரி இருக்கு. ஆனா இப்படி ஒரு மரத்த யார் கேட்டா?”

பெட்டியிலிருந்து ஒரு பட்டியல் எடுத்தார். தாய் மரங்களின் பழைய தகட்டு எண். ஒவ்வொன்றாக முணுமுணுத்துக்கொண்டே வந்தவர், “மேக்காட்டுல உங்க லைன் எது?” என்று கேட்டார்.

“ரெண்டாம் லைன்.”

“அதுல ஒரு தாய் இருக்கு. ரெண்டாம் லைன், நூத்தி எண்பத்து மூணு.”

எனக்கு உளி கையிலிருந்து நழுவியது. அப்போது எழுத்துத் தெரியாதே தவிர எண் தெரியும். 183 என்னுடைய சோத்து மரம்.

சோத்து மரம் என்றால் இதுதான். மேக்காட்டில் ஆளுக்கு ஒரு லைன், லைனுக்கு முந்நூறு மரம். விடிய ஏறினால் பொழுது சாயத்தான் இறக்கம். நடுவில் தூக்குவாளியை மாட்ட, சோறு தின்ன, கால் நீட்ட ஒரு மரம் வேண்டும். லைனில் நுழைந்த முதல் வாரமே ஒவ்வொருத்தரும் ஒரு மரத்தைப் பார்த்து வைத்துக்கொள்வோம். எறும்பு இல்லாத மரம். வெயில் இறங்காத மரம். முக்கியமாக, வடியாத மரம். பிசின் ஒழுகுகிற மரத்தடியில் எவன் உட்காருவான்? தலைமுடியில் விழுந்தால் சிரைக்க வேண்டும், சோற்றில் விழுந்தால் கொட்ட வேண்டும். அதனால் சோத்து மரம் என்றால் லைனிலேயே வறண்ட மரமாகத்தான் இருக்கும்.

வறண்ட மரத்துக்கு ஒரு ஆபத்து இருந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு தரம் எடையாள் வந்து கோப்பை கோப்பையாக நிறுத்து எழுதுவார். மூன்று எடை தொடர்ந்து குறைந்தால் மரத்துக்குச் சிவப்புப் பெயின்ட், அடுத்த மாதம் ரம்பம். என் மரத்துக்கு இரண்டு எடை குறைந்துவிட்டது. மூன்றாவது எடை அன்று விடியலில், பக்கத்து ஆறு மரத்துக் கோப்பையிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் வழித்து அதன் கோப்பையில் ஊற்றினேன். மொத்த எடைக்குத்தான் கூலி; எந்தக் கோப்பையில் இருந்தால் எனக்கென்ன? குறைந்துவிடப் போகிறதே என்று பயந்து, ஒரு கை கூடவே ஊற்றினேன். அப்படியே பதினோரு வருஷம் ஊற்றினேன்.

அந்த மரத்தைத்தான் லைனிலேயே அதிகம் கறக்கிற மரம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

டாக்டரம்மாவிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அமராவதி வாசலில் மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவளும் மேக்காட்டில் கீறியவள்தான், மூன்றாம் லைன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “யார் செத்தா?” என்றாள்.

சொன்னேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். நான் செய்த ஒரு திருட்டு வேலையால் நூற்றுப் பன்னிரண்டு குடும்பத்துத் தோப்பும் வறண்டு கிடக்கிறது. சொல்லாமல் இருந்தால் தூங்கினதால் கெட்டது என்று எல்லாருக்கும் வீட்டடி போகும். சொன்னால் நாற்றில் குறை என்று ஆகும், எல்லாரும் தப்பிப்பார்கள். கணக்கைக் கெடுத்தவன் என்று என் ஒருத்தன் மேல் மொத்த நஷ்டமும் விழும். எழுபதாயிரம் மரத்து நஷ்டம்.

அவள் பூண்டைக் கீழே வைத்தாள். கோபப்படப் போகிறாள் என்று பார்த்தேன். சேலை முந்தியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“பெரிய சூரன்! ஒரு மரத்த வெச்சு முப்பத்தொரு தாயக் கெடுத்துட்டாராம். ஏய்யா, சோத்து மரத்துக்கு ஊத்துனது நீ மட்டுமா?”

“என்னடி சொல்ற?”

“என் மரம் மூணாம் லைன், இருநூத்திப் பன்னெண்டு. பிள்ளைக்குத் தொட்டில் கட்டியிருந்தேனே. ஒம்போது வருஷம் ஊத்தியிருக்கேன்.”

“உன் லைன்ல எல்லாமே வறண்ட மரமாச்சே. எங்கருந்து எடுத்த?”

“எங்கருந்தா? எல்லைக்கு அந்தப் பக்கம் உன் லைன்தான. நல்லாக் கறக்குற நாலு மரம் நின்னுச்சு.”

முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு எடைக்கும் எனக்கு ரெண்டு கிலோ குறைகிறது, எடையாள் ஏமாற்றுகிறான் என்று அந்த ஆளோடு பேச்சு வார்த்தையே வைத்துக்கொள்ளாமல் இருந்தேன்.

“அந்த மனுசன் செத்தே போயிட்டாரேடி!”

“போற இடத்துல பாத்தா மன்னிப்புக் கேட்டுக்க” என்றாள். “மொதல்ல லூர்தக் கேளு. அவனும் ஊத்தியிருப்பான்.”

லூர்து என்னைவிட இரண்டு வயது மூத்தவன். நாங்கள் மாமன் மாப்பிள்ளை முறை சொல்லித்தான் பேசிக்கொள்வோம். அவன் கோயிலில் பாடுகிறவன், பொய் சொன்னால் காது ஆடும்.

“நான் ஊத்தல மாப்ள. சத்தியமா.”

“காது ஆடுது மாமா.”

“சரி ஊத்துனேன்! பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டக்கூட சொல்லாதத உன்கிட்ட சொல்றேன், வெச்சுக்க. ஏன், யார் கேட்டா?”

விஷயத்தைச் சொன்னதும் அவனுக்குக் கால் நிற்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வீடு வீடாகப் போனோம். மேக்காட்டில் வேலை பார்த்தவர்கள் நாற்பத்து மூன்று பேர் உயிரோடு இருந்தோம். ஒரு வீட்டிலும் நேரடியாகக் கேட்கவில்லை. “உன் சோத்து மரம் எது?” என்று மட்டும் கேட்டோம். கேட்டதும் முதலில் முகம் மலரும், அடுத்த நொடி தலை குனியும். ஊற்றாதவர் என்று ஐந்து பேர்தான் சொன்னார்கள், அதில் மூன்று பேரை நாங்கள் நம்பவில்லை. பேசினால் லைன் போய்விடும் என்ற பயத்தில், இருபத்தாறு வருஷமாக ஒவ்வொருத்தரும் தான் மட்டும் செய்ததாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

இருபதாம் தேதி கொட்டகை நிறைந்திருந்தது. கிருபாகரன் தூக்கக் கணக்கை வாசித்தார். பேர் பேராக, மரம் மரமாக, நிமிஷம் நிமிஷமாக. வாசித்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. டாக்டரம்மா மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. எடை அன்றைக்கு விடியலில் செய்ததைச் சொன்னேன். ஆறு கோப்பை, ஒரு கோப்பை. உட்காருவதற்கு முன்னால் லூர்து எழுந்தான். அவன் உட்காருவதற்கு முன்னால் அமராவதி எழுந்தாள். பிறகு யார் எழுந்தார்கள், யார் உட்கார்ந்தார்கள் என்று எனக்கு நினைவில்லை.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். “இருங்க, இருங்க. அப்ப மெஷினுக்கு நாங்க காட்டுனது பிசின் மரத்த இல்ல. நீங்க உக்காந்த மரத்த.” தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார். “அது சொன்னதச் செஞ்சிருக்கு. நாலு தலைமுறையா, ஒரு மனுசன் அலுத்துப்போய் உக்காரத் தோதான மரம் எதுன்னு தேடித் தேடிச் சேத்திருக்கு. யாரும் அதைக் கேக்கவே இல்ல, ஆனா…”

“கதை நல்லா இருக்கு மேடம்” என்றார் கிருபாகரன். “வீட்டடி போகப் போகுதுன்னதும் மொத்த ஊரும் சேர்ந்து கட்டுன கதை. ஆதாரம்?”

டாக்டரம்மா பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார். “மேக்காட்டுக்குப் போகலாம். பட்டியல் என்கிட்டயே இருக்கட்டும், ஒருத்தரும் பாக்கவேணாம். அவங்கவங்க மரத்த அவங்கவங்க காட்டட்டும்.”

போனோம். மேக்காடு மூடி பதினைந்து வருஷம். உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. நான் கூட வழி தப்பிவிடும் என்றுதான் நினைத்தேன். கால் தப்பவில்லை. முட்டி வலியில் வண்டியில் ஏற்றிவந்த கிழவிகள் எல்லாம் இறங்கி ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள். நேராகப் போய் ஒரு மரத்தில் கை வைத்து நின்றார்கள். பாதி இடத்தில் மரம் இல்லை, விழுந்து மண்ணாகிவிட்டது; தகடு மட்டும் கிடந்தது. செத்துப்போனவர்களுடையதை மற்றவர்கள் காட்டினார்கள். “இது ஒண்டிவீரன் மரம். இங்கதான் படுத்துக்கிட்டுப் பாட்டுப் பாடுவான், பக்கத்து லைன்ல எவனும் தூங்க முடியாது.” தூக்குவாளி மாட்டிய ஆணியை மரம் பாதி முழுங்கியிருந்தது.

டாக்டரம்மா ஒவ்வொரு தகட்டையும் துடைத்து எண்ணைக் குறித்துக்கொண்டார். கடைசியில் பாறைமேல் உட்கார்ந்து பட்டியலை எடுத்து ஒத்துப் பார்த்தார். கிருபாகரன் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார்.

முப்பத்தொரு தாயில் இருபத்தேழை நாங்கள் காட்டியிருந்தோம்.

கிருபாகரன் முகம் கறுத்துவிட்டது. “சரி. உண்மைன்னே வெச்சுக்கலாம். அப்ப இது மோசடிதானே? பொய்க் கணக்கு எழுதிக் கம்பெனிய ஏமாத்தியிருக்கீங்க. நஷ்டத்த நீங்கதான் கட்டணும்.”

எனக்கு எங்கிருந்து பேச்சு வந்ததோ தெரியவில்லை.

“எழுதுனது உங்க ஆளு சார். எங்கள்ல ஒருத்தருக்கும் அப்ப எழுதவே தெரியாது.”

“என்னய்யா பேச்சு இது?”

“எந்த மரம் எவ்வளவு குடுக்குதுன்னு எங்ககிட்ட யாரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்போம். கோப்பையத்தான கேட்டீங்க?”

லூர்து கனைத்தான். டாக்டரம்மா பட்டியலை மூடினார். “மிஸ்டர் கிருபாகரன், பத்திரத்துல இருக்கிற கேள்வி ஒண்ணுதான். இப்ப நிக்கிற மரத்துல பிசின் வராததுக்கு நாத்து காரணமா, வேலை காரணமா? நாத்து. நான் அப்படித்தான் எழுதப்போறேன். பழைய கதைக்கு நீங்க தனியா வழக்குப் போட்டுக்கலாம். எந்த நீதிபதியாவது ஒரு நாள் இந்தத் தோப்புல வந்து உக்காந்துட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும்.”

அதற்குப் பிறகு நாற்பது நாள் ஒரு சத்தமும் இல்லை. அமராவதி வீட்டுச் சாமான்களை மனசுக்குள் பங்கு போட ஆரம்பித்துவிட்டாள். எதைத் தங்கச்சி வீட்டில் வைப்பது, எதை விற்பது என்று.

நாற்பத்தொன்றாம் நாள் கொட்டகைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் நூற்றுப் பன்னிரண்டு தாள் அடுக்கி இருந்தது. கிருபாகரன் சிரித்த முகமாக இருந்தார். டீ வரவழைத்திருந்தார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. டாக்டரம்மா ஜன்னல் பக்கம் நின்றிருந்தார், எங்கள் பக்கம் திரும்பவில்லை.

“கடன் முழுசும் தள்ளுபடி” என்றார் கிருபாகரன். “இப்ப இருக்கிற மரத்தக் கம்பெனியே வெட்டித் தடிக்கு எடுத்துக்கும். வளர்த்தி நல்லாத்தான இருக்கு. அதே நிலத்துல புது நாத்து, கம்பெனி செலவுல. கையெழுத்துப் போட்டுட்டுப் போகலாம்.”

கொட்டகை ஆரவாரப்பட்டது. நான் தாளை எடுத்து விரலை வைத்து வரி வரியாகப் படித்தேன். நான் படிக்கிற வேகத்துக்கு டீ ஆறிப்போகும். ஆறட்டும் என்று படித்தேன். மூன்றாவது வரியில், ‘மேற்படி தொகை, குத்தகைதாரரின் ஓய்வு நேரப் பதிவுகளுக்கான விலையாகச் சரிக்கட்டப்பட்டது’ என்று இருந்தது.

“இது என்ன சார், ஓய்வு நேரப் பதிவு?”

“அதெல்லாம் சும்மா, ஆபீஸ் பாஷை.”

“டாக்டரம்மா?”

அவர் திரும்பினார். கண்ணில் உறக்கம் இல்லாத மாதிரி இருந்தது.

“உங்க தூக்கத்த வாங்கியிருக்காங்கண்ணே. எழுபதாயிரம் மரத்துல எந்த மரத்தடியில யார் எவ்வளவு நேரம் உக்காந்தீங்கன்னு வளையத்துல இருக்கு. என் அறிக்கையப் படிச்சிட்டு மேலிடத்துல ஒருத்தர் கேட்டார். ஆள் உக்காருற மரம் வறண்ட மரம்னா, ஒருத்தர்கூட உக்காராத மரம் எது? போய்ப் பாத்தோம். நூத்திச் சொச்சம் மரம் இருந்துச்சு. எறும்பு, முள்ளு மாதிரி ஊசி, மேலருந்து சொட்டு. ஒரு நிமிஷம்கூட யாரும் பக்கத்துல இருந்ததில்ல, ஒரு கீறல்கூட விழல. கீறுனோம். பிசின் கோப்பைய மீறி வழியுது. எடை போடவே வேணாம்ணே. நீங்க எதுக்கிட்ட இருந்து தள்ளிப் போறீங்களோ அதைப் பொறுக்குனாப் போதும். அடுத்த நாத்து அதுலருந்துதான்.”

“அது நிறையக் குடுக்குமா?”

“சட்டி சட்டியாக் குடுக்கும். இந்தத் தடவ பொய்யில்ல.”

“மொத்தத் தோப்பும் அந்த மரமா?”

“மொத்தமும்.”

“அப்ப சோறு எங்க திங்கிறது?”

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கிருபாகரன் டீயைக் குடித்துக்கொண்டே, “நின்னுக்கிட்டே சாப்பிடுங்க, செரிக்கும்” என்றார். ரெண்டு பேர் சிரித்தார்கள். அமராவதி சிரிக்கவில்லை.

நான் பேனாவை எடுத்தேன். மூடி வைத்தேன். வீட்டடி கண்ணுக்குள் நின்றது. பின்னால் நூற்றுப் பதினோரு பேர் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் தெரிந்தது. போடாமல் வர எனக்குத் தைரியம் இல்லை.

“கையெழுத்துப் போடுறேன் சார். ஒண்ணு மட்டும் எழுதிச் சேருங்க. தோப்புக்கு ஒரு மரம், இப்ப நிக்கிற ரகத்துல. அதுக்குக் கோப்பை கட்டமாட்டோம், நீங்களும் எடை கேக்கக்கூடாது. உங்க மெஷினும் அதைப் பாக்கக்கூடாது.”

“எடை இல்லாத மரத்த எந்தக் கணக்குலய்யா எழுதுறது?”

“அறுநூத்தி நாப்பதுல ஒண்ணு” என்றார் டாக்டரம்மா ஜன்னலிலிருந்து. “ஒரு நாளைக்குக் காத்துல சிந்துறதவிடக் கம்மி. எழுதுங்க.”

கிருபாகரன் மனக்கணக்குப் போட்டார். “பழைய ரக நாத்து முந்நூத்திப் பத்து ரூபா. தள்ளுபடியில வராது. யார் குடுக்குறது?”

அமராவதி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை அவிழ்த்தாள். மூன்று நூறு, ஒரு பத்து. மேசையில் வைத்து, காற்றில் பறக்காமல் டீ கிளாஸை மேலே வைத்தாள். பின்னால் லூர்து சட்டைப்பையைத் தடவுகிற சத்தம் கேட்டது. “மாப்ள, ஒரு அம்பது ரூபா இருக்கா?” என்றான்.

நான் கையெழுத்துப் போட்டேன். இப்போது கோணல் இல்லாமல் வருகிறது. கிருபாகரன் ரசீதுப் புத்தகத்தை இழுத்து எழுதி, கிழித்து நீட்டினார். நின்றபடியே படித்தேன்.

‘நாற்று: 1. கோப்பை: இல்லை. பாக்கி: இல்லை.’